மேல்கைச் சதைக்கு அறுவை: தொங்குவது தோலா, கொழுப்பா?

கேரளத்தின் பாலக்காட்டு எல்லையோர ஊர்களான கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வாளையாறு பக்கம் இருப்பவர்கள் இந்த அறுவைக்குக் கோயம்புத்தூர் போவதா, பாலக்காடு, திருச்சூர் போவதா என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். அதற்கு முன்னால் தீர்க்கவேண்டிய கேள்வி வேறு. உங்கள் மேல்கையில் தொங்குவது தோலா, கொழுப்பா, இரண்டுமா? கொழுப்பு என்றால் அரை செ.மீ. ஓட்டை வழியாக உறிஞ்சி எடுத்துவிடலாம். தோல் என்றால் வெட்டித்தான் எடுக்கவேண்டும். பெரும்பாலும் அக்குளிலிருந்து முழங்கைவரை ஒரு தழும்பு நிரந்தரமாக நிற்கும். கை ஒல்லியாவதற்கு நீங்கள் கொடுக்கும் விலை அந்தத் தழும்பு. அதற்கு மனம் ஒப்பாதவர்கள் தோல் அறுவையைத் தொடவே கூடாது.

கண்ணாடி முன்னால் பத்து நிமிடம்

கை இல்லாத உள்சட்டையோடு நில்லுங்கள். கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கி, முழங்கையை 90 டிகிரி மடக்கி, விரல்கள் மேலே பார்க்கும்படி வையுங்கள். பின்கைத் தசையை இறுக்கிக்கொண்டு, கீழே தொங்குவதை மறு கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடியுங்கள். கிள்ளியது 1.5 செ.மீ.க்குக் கீழே, மெல்லிய துணிபோல் இருந்தால் அங்கே எடுக்கக் கொழுப்பில்லை, பிரச்சினை தோல். தடிமனாக, இறுகலாக, விட்டதும் பழைய இடத்துக்குத் துள்ளிப் போனால் கொழுப்பு. தடிமனாகவும் இருக்கிறது, விட்டபின் மெதுவாகத்தான் திரும்புகிறது என்றால் இரண்டும்.

இன்னும் இரண்டு பார்க்கவேண்டும். மேல்கையின் உள்பக்கத்தில் வெள்ளைக் கோடுகள் ஓடுகிறதா? அவை தோலின் உள்ளடுக்கு கிழிந்த இடங்கள். அப்படிப்பட்ட தோல் கொழுப்பு போனபின் சுருங்காது. அடுத்து, தளர்வு அக்குளோடு நிற்கிறதா, விலாப்பக்கம் இறங்குகிறதா? இறங்கினால் கையோடு நிறுத்தும் அறுவை பாதி வேலைதான்.

தோள் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவில் புள்ளி வைத்து, இஞ்சுடேப்பால் இரண்டு கைச் சுற்றையும் எழுதி வையுங்கள். வலக்கைக்காரர்களுக்கு வலது ஒரு செ.மீ. கூட இருப்பது சகஜம். ஒரு கை மட்டும் பல செ.மீ. பெருத்து, முன்கையும் புறங்கையும் சேர்ந்து வீங்கியிருந்தால் அது அழகு அறுவைக்குரிய விஷயமே இல்லை; நிணநீர்த் தேக்கமாக இருக்கலாம். யானைக்கால் நோய் கேரளத்திலும் வடதமிழகத்திலும் பல காலம் இருந்த நோய்; அது கையையும் பிடிக்கும். மார்பகப் புற்றுக்காக அக்குள் கணுக்களை எடுத்தவர்களும் இந்த வரிசையில்தான். இரண்டு கையும் ஒரே அளவில் பெருத்து, தொட்டால் வலித்து, லேசாகப் பட்டாலே கன்றிப்போய், மணிக்கட்டில் மட்டும் திடீரென்று ஒல்லியாகிறதென்றால் அது லிப்பிடீமா என்ற கொழுப்பு நோய். அதற்கு வைத்திய முறையே வேறு.

அக்குளில் மட்டும் எலுமிச்சை அளவு புடைப்பு, மாதவிலக்கு சமயத்தில் வலி என்றால், பெரும்பாலும் அது உபரி மார்பகத் திசு. அதைக் கொழுப்பென்று நினைத்து உறிஞ்ச முயன்றால் சரியாக வராது. அல்ட்ராசவுண்டு எடுத்துப் பார்த்துவிட்டுத் தனியாக அகற்றவேண்டும்.

உடற்பயிற்சி தசையை வளர்க்கும், தோலை வெட்டாது. உத்வர்த்தனப் பொடி தேய்ப்பும் எண்ணெய் உழிச்சலும் சுகமான விஷயங்கள். தொங்கும் தோல் எவ்வளவு தேய்த்தாலும் குறையாது.

யாருக்கு இப்போதைக்கு வேண்டாம்

எடை இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால் பொறுங்கள். குறைந்தது மூன்று மாதம், முடிந்தால் ஆறு மாதம் எடை ஒரே இடத்தில் நிற்கவேண்டும். இரைப்பைச் சுருக்க அறுவை செய்துகொண்டவர்களுக்கு 12 முதல் 18 மாதம். அவர்களுக்குப் புரதமும் இரும்பும் குறைந்திருப்பது வழக்கம். ஆல்புமினும் ஹீமோகுளோபினும் சரியில்லாமல் தையல் போட்டால் காயம் வாய் திறக்கும். உடல் பருமன் குறியீடு (பி.எம்.ஐ.) 30க்கு மேல் இருப்பவர்களுக்கு எல்லாச் சிக்கலும் கூடுதல்.

சிகரெட், பீடி மட்டுமல்ல, புகையிலை போட்ட பான், குட்கா, மூக்குப்பொடி எல்லாமே நிகோட்டின். தோலின் நுண்ணிய ரத்தக்குழாய்களை அது சுருக்கிவிடும். அறுவைக்கு முன் நான்கு வாரம், பின் நான்கு வாரம் முழுக்க நிறுத்தாதவர்களுக்கு, வெட்டிய தோலின் ஓரம் கறுத்துப்போகும் ஆபத்து உண்டு.

தழும்பு எப்படி வரும் என்பதற்கு உங்கள் உடம்பிலேயே மாதிரி இருக்கிறது. இடது தோளில் குழந்தையில் போட்ட பி.சி.ஜி. ஊசித் தடத்தைப் பாருங்கள். காது குத்திய இடத்தைத் தடவுங்கள். அங்கே தடித்து, விளிம்பு தாண்டிப் படர்ந்திருந்தால் உங்களுக்குக் கீலாய்டு வரும் சுபாவம். நம் ஊர்க் கறுத்த தோலில் இது அதிகம். அப்படியிருப்பவர்கள் நீளத் தழும்புக்கு ஒத்துக்கொள்ளும் முன் மூன்று தடவை யோசிக்கலாம்.

கொழுப்பு மட்டும் என்றால்

லைப்போசக்‌ஷனில் (கொழுப்பை உறிஞ்சி எடுப்பதில்) முதலில் ஒரு திரவத்தை ஏற்றுவார்கள்: ஒரு லிட்டர் சலைனில் 500 முதல் 1000 மி.கி. லிக்னோகெய்ன் என்ற மரக்கவைக்கும் மருந்து, ஒரு மி.கி. அட்ரினலின், கொஞ்சம் சோடியம் பைகார்பனேட். அட்ரினலின் ரத்தக்குழாயைச் சுருக்க 15, 20 நிமிடம் ஆகும். அந்த நேரம் காத்திருக்காமல் உறிஞ்ச ஆரம்பித்தால் ரத்தக் கன்றல் கூடும். பிறகு முழங்கை மடிப்பருகே 3, 4 மி.மீ. துளை, தேவைப்பட்டால் அக்குளில் இன்னொன்று. அதன் வழியே 3 மி.மீ. குழாய். பின்பக்கமும் பின்–வெளிப்பக்கமும்தான் உறிஞ்சவேண்டிய இடம். உள்பக்கத்தில் நிணநீர்க் குழாய்களும் நரம்பும் மேலோட்டமாக ஓடுகின்றன, அங்கே கை வைப்பதில் கவனம் வேண்டும். தோலுக்கு அடியில் மெல்லிய கொழுப்பு அடுக்கு விட்டுவைக்காமல் சுரண்டினால் மேடு பள்ளமாகும், அதைப் பின்னால் சரிசெய்வது மிகச் சிரமம்.

லிக்னோகெய்னுக்கு உச்சவரம்பு ஒன்று உண்டு. வழக்கமான கணக்கு கிலோவுக்கு 35 மி.கி.; 70 கிலோ ஆளுக்கு 2450 மி.கி. கை மட்டும் என்றால் இந்த எல்லை தொடப்படாது. ‘கையோடு வயிறு, தொடை எல்லாம் ஒரே நாளில்’ என்ற சலுகைப் பேக்கேஜில்தான் ஆபத்து. கொழுப்பில் தங்கிய மருந்து மெல்ல மெல்ல ரத்தத்தில் ஏறி, ஏறத்தாழ 12 மணி நேரம் கழித்து உச்சத்துக்குப் போகும். அதாவது காலையில் செய்தால் ராத்திரி. வாயைச் சுற்றி மரத்துப்போவது, காதில் ரீங்காரம், நாக்கில் உலோகச் சுவை இவையெல்லாம் அடையாளம். அந்த ராத்திரி நீங்கள் மாநில எல்லை தாண்டி வீட்டில் படுத்திருக்கக் கூடாது. மருத்துவமனையிலோ பக்கத்தில் ஒரு அறையிலோ தங்குங்கள்.

லைப்போவோடு ரேடியோ அலைச் சூடு கொடுத்துத் தோலைச் சுருக்குவதும் இருக்கிறது. மிதமான தளர்வுக்குக் கொஞ்சம் உதவும். தொங்கும் தோலுக்கு உதவாது, சூடு மிஞ்சினால் வெந்துபோகும். குளிர்வைத்துக் கொழுப்பு உறைய வைக்கும் கருவி, அறுவையில்லாமல் கிள்ளக்கூடிய சின்ன மேட்டுக்கு மட்டும். அபூர்வமாக அந்த இடத்துக் கொழுப்பு குறைவதற்குப் பதில் கட்டியாகப் பெருக்கும். பிறகு அதற்கே லைப்போ செய்யவேண்டி வரும்.

தொங்கும் தோல் உள்ள கையில் லைப்போ மட்டும் செய்துகொள்வதுதான் இந்தத் துறையில் அதிகம் வருத்தப்பட வைக்கும் தப்பு. பலூனில் காற்றை எடுத்த கதைதான். கை முன்னைவிட மோசமாகத் தொங்கும்.

தோலை வெட்டி எடுக்கும் அறுவை

பிரேக்கியோபிளாஸ்டி என்பது இதன் பெயர். பேச்சுவழக்கில் ஆர்ம் லிஃப்ட். மூன்று அளவில் செய்கிறார்கள். தளர்வு அக்குளை ஒட்டிய மூன்றில் ஒரு பங்கில் மட்டும் இருந்தால் தழும்பை அக்குளுக்குள்ளேயே ஒளித்துவிடலாம். ‘சின்னத் தழும்பு போதும்’ என்று எல்லோரும் இதைத்தான் கேட்பார்கள், பொருந்துவது சிலருக்குத்தான். இதில் தோலை அக்குள் பக்கமாக நீளவாட்டில் இழுப்பதால் கைச் சுற்று குறையாது. முழங்கைவரை தொங்கினால் அக்குள் முதல் முழங்கைவரை. எடை மிகவும் குறைந்தவர்களுக்கு அக்குளைத் தாண்டி விலாப்பக்கமும் நீளும்.

தழும்பு எங்கே உட்காரவேண்டும் என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. உள்பக்கம், இருதலைத் தசைக்கும் பின்தசைக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் வைத்தால், கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது தெரியாது; தூக்கினால் தெரியும். பின்பக்கம் வைத்தால் எதிரே நிற்பவருக்குத் தெரியாது, பின்னால் நிற்பவருக்கு அரைக்கை ரவிக்கைக்குக் கீழே பளிச்சென்று தெரியும். பின்தோல் தடிமன் என்பதால் தழும்பு நன்றாக ஆறும் என்பவர்களும் உண்டு. சேலைக்காரர்களுக்கு உள்பக்கமே மேல் என்பது எங்கள் எண்ணம். கோயில் வரிசையிலும் பஸ்ஸிலும் நம் முதுகைத்தான் அதிகம் பேர் பார்க்கிறார்கள். நீங்கள் வழக்கமாகப் போடும் ரவிக்கையையும் சட்டையையும் எடுத்துக்கொண்டு போய், மார்க்கிங் போடும் முன் அணிந்து காட்டுங்கள். முழங்கைக் கை ரவிக்கை போடுபவருக்கு இந்த விவாதமே தேவையில்லை.

மார்க்கிங் நின்றபடி அல்லது உட்கார்ந்தபடி போடவேண்டும், மயக்கம் கொடுத்துப் படுக்கவைத்தபின் அல்ல. படுத்தால் தோல் இடம் மாறிவிடும். முதலில் தழும்பு வரவேண்டிய கோடு, பிறகு இரண்டு பக்கமும் கிள்ளிப் பார்த்து எவ்வளவு எடுக்கலாம் என்ற எல்லை. முழு மயக்கத்தில் இரண்டு முதல் மூன்று மணி நேரம் ஆகும். இரண்டு கையும் அறுவை இடத்துக்குள் இருப்பதால் ரத்த அழுத்தப் பட்டையைக் காலில் கட்டியிருப்பார்கள், விழித்ததும் பயப்படவேண்டாம்.

நல்ல கை வேலை இரண்டு இடத்தில் தெரியும். ஒன்று, குறித்த தோல் முழுவதையும் ஒரேயடியாக வெட்டி எடுத்துவிட்டுப் பிறகு தைப்பதில்லை. மேசையிலேயே கை வீங்க ஆரம்பிக்கும். அரைமணி கழித்து இரு ஓரமும் எட்டாது. அதனால் கொஞ்சம் வெட்டி, கொஞ்சம் தற்காலிகமாகப் பிடித்து, அடுத்த பகுதிக்குப் போவார்கள். இரண்டு, தசை உறைக்கு மேல் ஒரு செ.மீ. கொழுப்பை விட்டுவைப்பது. முன்கையின் உள்பக்கத்துக்கு உணர்வு கொடுக்கும் நரம்பு, முழங்கை எலும்புக்கு ஏறத்தாழ 14 செ.மீ. மேலே அந்த உறையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து பெரிய நாளத்தோடு ஓடுகிறது. கொழுப்பை முழுக்கச் சுரண்டினால் அது அறுபடும். முன்கை மரத்துப்போகும், சிலருக்குச் சுருக்கென்று வலிக்கும் முடிச்சாகும்.

அக்குளை நேர்கோட்டில் தாண்டக்கூடாது. நேர்த் தழும்பு சுருங்கி, கயிறு கட்டியதுபோல் கையைத் தூக்கவிடாது. அங்கே ‘இசட்’ வடிவத்தில் திருப்பித் தைப்பார்கள். இதைச் செய்வீர்களா என்று மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள், கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

ஏற்பாடு

வெயில் கணக்கைப் பாருங்கள். மார்ச் முதல் மே வரை பாலக்காட்டில் 40 டிகிரியைத் தொடும். அறுவைக்குப்பின் வீக்கத்தை அடக்கப் போடும் இறுக்கச் சட்டையை நாள் முழுக்கப் போட்டு, அக்குள் வியர்த்து, தையல் ஓரம் ஊறிப்போகும். மழைக்காலத்தில் இறுக்கச் சட்டை காயாது. கார்த்திகை முதல் மாசிக்குள் செய்துகொள்வது சௌகரியம். வீட்டில் கல்யாணம் என்றால் ஓராண்டு முன்பே. தழும்பு முதல் ஆறு மாதம் சிவந்து தடித்துத்தான் இருக்கும்.

ரத்தம் இளக்கும் மருந்து, ஆஸ்பிரின், கருத்தடை மாத்திரை, பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய், வைத்தியசாலையில் வாங்கும் அரிஷ்டம், கஷாயம் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போய் மயக்க மருத்துவர் முன் கொட்டுங்கள். எதை, எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று அவர் சொல்வார். இதயத்துக்காகச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மயக்கத்துக்கு முன் திட உணவு 6 மணி நேரம், வெறும் தண்ணீர் 2 மணி நேரம் கூடாது. பாலும் பால் கலந்த டீயும் திட உணவுக் கணக்குதான்.

தோலை வெட்டும் அறுவைக்கு எம்.சிஎச். அல்லது டி.என்.பி. பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரைப் பாருங்கள். ‘காஸ்மெடிக்’ என்று போர்டில் எழுத யார் வேண்டுமானாலும் எழுதலாம். மாநில மருத்துவக் கவுன்சில் பதிவில் பட்டம் தெரியும். மருத்துவமனைப் பதிவுக்குத் தமிழ்நாட்டில் 1997 சட்டம், கேரளத்தில் 2018 சட்டம். பதிவுச் சான்று வரவேற்பறையில் மாட்டியிருக்கவேண்டும். பக்கவாட்டில் நின்று, கை தூக்கி எடுத்த பழைய நோயாளிகளின் ஓராண்டுப் படங்களைக் கேளுங்கள். கையைத் தொங்கவிட்ட படம் மட்டும் காட்டினால் தழும்பை மறைக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஒப்புதல் படிவம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருந்து உங்களுக்குப் படிக்க வராவிட்டால், தமிழில் வாசித்துச் சொல்லச் சொல்லி, அப்படிச் சொன்னதாக எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். அழகுக்கான அறுவையைக் காப்பீடு ஏற்காது. பிறவிக் குறை, விபத்து, தீக்காயம் தவிர்த்த அழகு அறுவைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, சொன்ன தொகை வரியோடா, வரி தனியா, இறுக்கச் சட்டையும் மறுபடி டிரெஸ்ஸிங்கும் அதில் சேர்த்தியா என்று எழுதி வாங்குங்கள். முதல் பத்து நாளில் மூன்று முறையாவது திரும்பப் போகவேண்டும். பாலக்காட்டிலிருந்து கோயம்புத்தூர் 50 கி.மீ. போல, ராத்திரி பதினோரு மணிக்குக் கை புடைத்தால் யார் வண்டி எடுப்பார்கள் என்பதை முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

தலைவழியாக எதையும் போடமுடியாது. முன்பக்கம் திறக்கும் நைட்டியோ சட்டையோ இரண்டு வாங்கி வையுங்கள். படுக்கும்போது இரண்டு கைக்கும் தலையணை வைத்து, நெஞ்சு மட்டத்துக்கு மேலே கை இருக்கட்டும். முதல் நாளே எழுந்து நடக்கவேண்டும், காலில் ரத்தம் உறையாமலிருக்க. விரலை மடக்கி நீட்டிக்கொண்டிருங்கள்.

காயத்திலிருந்து நீரை வெளியே எடுக்கும் டிரெய்ன் குழாய் வைத்திருந்தால், வந்த நீரைத் தினமும் ஒரே நேரத்தில் அளந்து எழுதுங்கள். 24 மணி நேரத்தில் 30 மி.லி.க்குக் கீழே வந்தால் குழாயை எடுப்பார்கள். இறுக்கச் சட்டை நான்கு முதல் ஆறு வாரம், குளிக்கும் நேரம் தவிர. விரல் நீலமாகி மரத்தால் அது அளவுக்கு மேல் இறுக்கம். கழற்றிவிட்டு உடனே கூப்பிடுங்கள்.

முதல் இரண்டு வாரம் முழங்கையைத் தோளுக்கு மேல் தூக்கவேண்டாம்: தலை பின்னுவது, கொடியில் துணி போடுவது, பரண் எல்லாம் அடுத்தவர் வேலை. நான்கு வாரம் வரை இரண்டு கிலோவுக்கு மேல் கூடாது. தண்ணீர்க் குடம், நிறைந்த குக்கர், கைக்குழந்தை மூன்றுமே இதில் அடங்கும். தேங்காய் துருவுவதுகூடத் தையலை இழுக்கும் அசைவுதான். ஸ்கூட்டர் மூன்று வாரம் கழித்து. பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்து நிற்பது ஆறு வாரம் கழித்து.

தையல் முழுக்க ஆறியதும், சுமார் மூன்றாவது வாரத்திலிருந்து சிலிக்கான் ஜெல் அல்லது தகடு, குறைந்தது மூன்று மாதம். ஓராண்டுவரை தழும்பில் நேர் வெயில் படக்கூடாது. எண்ணெய், மஞ்சள், வேப்பிலைப் பத்து எதையும் திறந்த காயத்தில் வைக்காதீர்கள்.

எது கெடும், ஏன்

முதல் 24 மணி நேரத்தில் ஒரு கை மட்டும் திடீரென்று இறுகிப் புடைத்து வலித்தால் உள்ளே ரத்தம் கசிகிறது. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மூன்றாம் நாளுக்குப் பிறகு 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், சிவப்பு படர்வது, நாற்றமடிக்கும் கசிவு என்றால் சீழ். கெண்டைக்கால் வலியோ மூச்சுத்திணறலோ வந்தால் பக்கத்தில் எந்தப் பெரிய மருத்துவமனை இருக்கிறதோ அங்கே. அறுவை செய்த இடத்தைத் தேடிப் போகவேண்டாம்.

அதிகம் வருவது அக்குள் பக்கம் தையல் லேசாகத் திறப்பது, இரண்டாவது மூன்றாவது வாரத்தில். பல கோடுகள் சந்திக்கும் இடம், இழுவை அதிகம், வியர்வை, ஓயாத அசைவு. பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் சலைன் டிரெஸ்ஸிங்கிலேயே சில வாரத்தில் மூடிக்கொள்ளும். உடனே மறுபடி தைத்தால் மறுபடியும் பிய்யும். முழங்கைப் பக்கம் தண்ணீர்ப் பை மாதிரி குலுங்கினால் நீர் தேங்கியிருக்கிறது. ஊசியால் எடுப்பார்கள், ஒருமுறை போதாமல் இரண்டு மூன்று முறை ஆகலாம். வீட்டில் குத்திப் பார்க்காதீர்கள்.

தழும்பு தடித்து அரித்தால் ட்ரையம்சினலோன் ஊசி, மாதம் ஒன்று வீதம் சில முறை. முழங்கை முனையில் காதுபோல் ஒரு துருத்தல் நின்றால், அல்லது இரண்டு கைக்கும் வித்தியாசம் தெரிந்தால், ஆறாவது மாதத்திலேயே திருத்த அறுவைக்கு அவசரப்படவேண்டாம். வீக்கம் முழுக்க இறங்கித் தழும்பு வெளுக்க 12 முதல் 18 மாதம் பிடிக்கும். அதற்குள் பாதித் துருத்தல் தானாகவே அமுங்கிவிடும்; மிச்சமிருந்தால் அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்து அரைமணியில் சீராக்கிக்கொள்ளலாம்.